இரண்டு சிவப்பு வட்டங்கள்

1

இந்த நாட்டில் எனக்கு இதுவரை ஒரு வாக்குச்சீட்டும் கிடைத்ததில்லை. ஜேர்மனிக்கு வந்து இந்த வசந்தத்தோடு முப்பத்தைந்து வருடங்கள். அதில் இருபத்தெட்டு வருடங்கள் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாக்குழைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். வரி கட்டினேன். ஓய்வூதியத்துக்குக் கட்டினேன். தேவாலயத்துக்கும் கட்டினேன், இங்கே கத்தோலிக்கனாக இருப்பதற்கும் சம்பளத்தில் பிடிப்பார்கள். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்தேன். நகரசபைக்கு யார் வரவேண்டும் என்று மட்டும் ஒரு நாளும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

மனைவிக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. தேர்தல் ஞாயிறுகளில் பூசை முடிந்து அவள் பள்ளிக்கூடத்துக்குள்ளே வாக்களிக்கப் போவாள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். பக்கத்துக் கம்பியில் வாக்காளர்களின் நாய்களைக் கட்டியிருப்பார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு ஏன் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை என்று ஊரிலிருந்து கேட்கிறீர்கள். என் பிறப்பைப் பதிந்த புத்தகம் மன்னாரில் சண்டைக்குள் எரிந்துபோனது. அதை விளக்க ஒரு டெர்மின் எடுத்துப் போனேன். இங்கே அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்க முன்னரே நேரம் குறித்து வாங்கவேண்டும்; அதுதான் டெர்மின். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மிக மரியாதையாகக் கேட்டார்: "எரிந்ததற்கு அத்தாட்சி இருக்கிறதா?" நான் சிரித்துவிட்டேன். சிரித்தது பிழை. அடுத்த தடவை வேலை இடையில் ஆறு மாதம் இல்லாமல் போனது காரணம். அதற்கடுத்த தடவை மொழிச் சான்றிதழ் பழையது. இப்போது நாலாவது விண்ணப்பம் எங்கோ ஒரு கோப்புக்குள் படுத்திருக்கிறது. நானும் அதை எழுப்புவதில்லை.

ஊரில் நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு அனுப்புவார்கள். விரலுக்கு மை பூசியிருக்கிறேன், பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்திருக்கிறேன், செல்லுபடியான வாக்கையும் செல்லாத வாக்கையும் பிரித்து அடுக்கியிருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இந்தப் பெருமைதான் காரணம் என்பதால் சொல்கிறேன்.

2

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. இங்கே பிறந்தவள், ஜேர்மன் கடவுச்சீட்டுக்காரி. இயன்மருத்துவம், அதுதான் பிசியோதெரபி, படிக்க எல்லைக்கு அப்பால் நெதர்லாந்துக்குப் போனாள். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம்தான். படித்து முடித்து அங்கேயே வேலை, அங்கேயே வீடு. ஊரின் பெயரை எழுதவில்லை, அவளுக்குப் பிடிக்காது. முன்பு அவளுடைய தமிழுக்குள் ஜேர்மன் சொல் வரும். இப்போது ஜேர்மன் சொல் வரவேண்டிய இடத்தில் டச்சுச் சொல் வருகிறது. தமிழ் விளங்காத இடத்தில் ஜேர்மனில் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்த எங்களுக்கு அதுவும் போய்விட்டது.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்பா, மார்ச்சில இங்க நகரசபை எலெக்சன். ஒரு கட்சி என்னை நிக்கச் சொல்லிக் கேட்டிருக்கு. நான் ஓம் எண்டுட்டன்."

"ஜேர்மன் பாஸ்போட்டோட அங்க நிக்கேலுமோ?"

"ஐரோப்பிய ஒன்றியத்து ஆக்கள் நகரசபைக்கு நிக்கலாம் அப்பா. வெளி ஆக்களும் அஞ்சு வருசம் ஒழுங்காய் இருந்தால் வோட் போடலாம். நீங்கள் இங்க இருந்திருந்தால் நீங்களும் போடலாம்."

கடைசி வசனத்தை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒன்றேகால் மணி நேரம் மேற்கே ஓடியிருந்தால் நான் மனிதன். பிரயாண முகவர் எங்களை இறக்கிவிட்ட இடம் இது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் வாகனத்தை ஓட்டியிருக்கலாம். எங்கள் மன்னார்க் கோட்டையில் இருந்துகொண்டு எங்களை ஆண்டபோது இந்த ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், ஒருவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. இப்போதாவது எங்கள் கிழவிகளிடம் கேட்கிறார்களே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு அந்த நாட்டு ஆட்சிமுறையைப் படிக்கத் தொடங்கினேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை. அங்கே நாடு முழுவதும் ஒரே தொகுதிதான். நாடாளுமன்றத்தில் நூற்றைம்பது ஆசனம். போட்ட வாக்குகளில் நூற்றைம்பதில் ஒரு பங்கு கிடைத்தால் ஓர் ஆசனம். அதனால் கட்சிகள் மழைக்கால ஈசல் போலக் கிளம்பும். விலங்குகளுக்கு ஒரு கட்சி, விவசாயிகளுக்கு ஒரு கட்சி, வேதத்தைப் பிடித்தபடி ஒரு கட்சி. ஒருவருக்கும் தனியாகப் பெரும்பான்மை வராது. தேர்தல் முடிந்ததும் யார் யாரோடு பேசுவார்கள் என்று விசாரிப்பதற்கே ஓர் ஆளை நியமிப்பார்கள். அவர் மாதக்கணக்கில் விசாரிப்பார். அதுவரைக்கும் விழுந்த அரசாங்கமே காபந்து அரசாங்கமாகக் கதிரையில் இருக்கும். பேசி முடித்து அரசன் முன்னால் சத்தியம் செய்து, கொஞ்சக் காலத்தில் அதுவும் விழும். சனங்கள் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அமைச்சரானால் நாடாளுமன்ற ஆசனத்தை விட்டுவிட வேண்டும். ஊரில் இப்படிச் சட்டம் வந்தால் அமைச்சராக ஆள் தேட வேண்டிவரும். நகர முதல்வரையும் சனங்கள் தெரிவு செய்வதில்லை, மேலிருந்து நியமிப்பார்கள். சனங்கள் தெரிவு செய்வது நகரசபையை. அந்தச் சபைக்குத்தான் என் மகள் நின்றாள்.

கட்சிப் பட்டியலில் அவளுக்கு ஒன்பதாம் இடம். கட்சிக்கு மூன்று ஆசனம் வந்தால் பெரிய காரியம். ஒன்பதாம் இடம் என்பது படத்துக்கு நிற்கும் இடம். கறுத்த முகம் ஒன்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தால் நல்லது என்று யாரோ யோசித்திருப்பார்கள். இதை நான் அவளிடமே சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"நான் படத்துக்கு நிக்கேல்ல அப்பா. எங்கட பக்கத்து பஸ்ஸை நிப்பாட்டப் போகினம். என்னட்டை வாற வயசு போன ஆக்கள் எல்லாம் அந்த பஸ்ஸிலதான் வருகினம். முழங்கால் ஒப்பரேசன் செய்தவை சைக்கிளில வரேலுமோ?"

சின்ன விசயம்தான், ஒரு பேருந்து. ஆனால் அவள் அதற்காக மழைக்குள் வீடுவீடாய் ஏறி இறங்கினாள். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னால் வயிற்றுவலி என்று படுக்கும் பிள்ளை.

3

அவர்களுடைய முறையில் ஒரு வழி இருக்கிறது. வாக்காளர் கட்சிக்கல்ல, பட்டியலில் இருக்கும் ஓர் ஆளுக்குத்தான் போடுகிறார். ஓர் ஆசனத்துக்கு வேண்டிய வாக்குகளில் கால்பங்கு ஒருவருக்குத் தனியாக விழுந்தால், அவர் ஒன்பதாம் இடத்தில் இருந்தாலும் மேலிருப்பவர்களைத் தாண்டிச் சபைக்குள் போகலாம். விருப்பு வாக்கு. ஆரணி இதைச் சொன்னபோது எனக்குள் இருந்த எழுதுவினைஞர் எழுந்து உட்கார்ந்தார். விருப்பு வாக்கை எனக்கா சொல்லித்தர வேண்டும்?

"அங்க எங்கட ஆக்கள் எத்தினை பேர்?" என்று கேட்டேன்.

"அப்பா, வேண்டாம். நான் தமிழருக்காக நிக்கேல்ல. நீங்கள் வந்து ஊர் எலெக்சன் மாதிரி ஒண்டும் செய்யாதேங்கோ, பிளீஸ்."

செய்யமாட்டேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறினேன்.

அங்கே அந்தப் பேருந்து ஓடும் பக்கத்தில் எங்கள் ஆட்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், அரைவாசிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். செல்வராணி அக்காவை எனக்கு முன்பே தெரியும். மன்னார்ப் பேசாலைக்காரி, தனியாக இருக்கிறா, ஓகஸ்ட்டில் கெவெலார் மாதா திருவிழாவுக்கு எல்லை தாண்டி வருவா. அவவிடம் போய் விசயத்தைச் சொன்னேன்.

"எனக்கு நாலு வருசத்துக்கு ஒருக்கா ஒரு கார்ட் வாறது தம்பி. என்ன ஏதெண்டு தெரியாது, பேப்பரோட சேர்த்து எறிஞ்சு போடுவன்" என்றா.

நான் முப்பத்தைந்து வருடங்களாக வாசலில் நிற்கிறேன். அக்கா அதைக் கழிவுக் காகிதத்தோடு போடுகிறா. எரிச்சலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை. வியாழக்கிழமை செபமாலைக்கு வருகிற எல்லோரையும் கூட்டித் தந்தா.

மூன்று சனிக்கிழமை போனேன். அச்சடித்த பெயர்ப் பட்டியல் எல்லா வீட்டுக்கும் முன்னரே வந்திருந்தது. கட்சிக்கு ஒரு நிரல், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். சாவடியில் இருக்கும் சிவப்புப் பென்சிலால் வட்டத்தை நிரப்ப வேண்டும். இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

எங்கள் நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு எப்படிப் போடுவோம்? முதலில் கட்சிக்கு நேரே பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி. பிறகு விரும்பிய ஆளின் இலக்கத்துக்குப் புள்ளடி. கட்சிக்குப் போடாமல் ஆளுக்கு மட்டும் போட்டால் அந்த வாக்கு செல்லாது. அப்படி வந்த சீட்டுகளை நானே என் கையால் செல்லாதவற்றோடு சேர்த்திருக்கிறேன். இந்தத் தாளில் கட்சிக்கென்று தனி வட்டம் இல்லை. ஆனால் கட்சிக்குப் போட நினைப்பவர்கள் முதலாவது பெயரை நிரப்புவார்கள் என்று ஆரணியே ஒருமுறை சொல்லியிருந்தாள். அப்போது முதல் வட்டம்தான் கட்சி. கணக்குச் சரியாக வந்தது. தாளில் இப்படி எழுதினேன்: "முதலில் கட்சிக்கு, ஐந்தாம் நிரலில் முதலாம் வட்டம். பிறகு எங்கள் பிள்ளைக்கு, அதே நிரலில் ஒன்பதாம் வட்டம்."

குரூஸ் அண்ணை என்றொருவர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நாட்டுப் பிரஜை, முன்பு இரண்டு மூன்று தடவை வாக்களித்தவர்.

"ரெண்டு வட்டம் நிரப்பலாமோ? நான் போன முறை ஒண்டுதான் நிரப்பின ஞாபகம்."

"அப்ப அது கட்சிக்கு மட்டும் போட்டிருப்பியள் அண்ணை. இது விருப்பு வாக்கு. நான் கச்சேரியில வேலை செய்தவன், எனக்குத் தெரியாதே?"

"இல்லை, எதுக்கும் பிள்ளையட்டை ஒருக்காக் கேட்டுப் பார்..."

"பிள்ளைக்குத் தெரியாமல்தான் செய்யிறன். அவளுக்கு நான் வந்து போறதே தெரியக்கூடாது."

அண்ணை தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எல்லோரும் எனக்குத் தேநீரும் வட்டிலப்பமும் தந்தார்கள். திரும்பும் ரயிலில் நான் எவ்வளவோ வருடங்களுக்குப் பிறகு சந்தோசமாக இருந்தேன். எனக்கு ஒரு வாக்கில்லாவிட்டால் என்ன, முப்பது வாக்கு என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

4

அந்த ஊரில் ஆட்களுக்கு விழுந்த வாக்குகளைத் தேர்தலுக்கு மறுநாள் பகலில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் வைத்து எண்ணுவார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம், வாக்குரிமை தேவையில்லை. அது எனக்கென்றே செய்த சட்டம் போலிருந்தது. காலையிலேயே போய்விட்டேன். கட்சிக்கு மூன்று ஆசனம் என்று முதல்நாளே தெரிந்துவிட்டது. ஆரணி தாண்டுவாளா என்பது மட்டும்தான் மிச்சம்.

ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு மேசை. செல்வராணி அக்கா வாக்களித்த சாவடியின் மேசையைத் தேடிப் பிடித்து, கட்டியிருந்த நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வாக்குச்சீட்டு ஒவ்வொன்றும் மேசைவிரிப்பு அளவு. விரித்துப் பார்த்து, பெயர்வாரியாக அடுக்கினார்கள். ஆரணியின் அடுக்கு உயர்ந்துகொண்டிருந்தது. தமிழர் அல்லாதவர்கள், அவளிடம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் வந்தவர்கள், அவளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு ஒரு பெண் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தாள். அதில் இரண்டு சிவப்பு வட்டங்கள் இருந்தன. மேசைத் தலைவர் எட்டிப் பார்த்து ஒரு சொல் சொன்னார். டச்சுச் சொல் என்றாலும் ஜேர்மன் தெரிந்தவனுக்கு விளங்கும். செல்லாது. சீட்டு மேசையின் ஓரத்துக்குப் போனது.

எனக்கு உடனே உறைக்கவில்லை. யாரோ கை தவறி நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. அதிலும் ஐந்தாம் நிரலில் முதலாம் வட்டம், ஒன்பதாம் வட்டம். மூன்றாவது வந்தபோது நாடாவுக்கு மேலால் குனிந்து பார்த்தேன். வட்டங்கள் அவ்வளவு வடிவாக இருந்தன. கோட்டுக்கு வெளியே ஒரு கீறல் போகாமல், முதல் வகுப்புப் பிள்ளை நிறம் தீட்டுவது போல, மெதுவாக, அழுத்தி நிரப்பியிருந்தார்கள். நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்கள்.

ஆரணி சற்றுத் தள்ளி, அவளுடைய கட்சிப் பட்டியலின் முதலாமவரான வில்லெமோடு நின்றாள். வில்லெம் நல்ல மனிதர், எல்லோரோடும் சிரிப்பவர். ஓரத்தில் சேரும் சீட்டுகளைப் பார்த்துவிட்டு என்னிடம் ஜேர்மனில் சொன்னார்: "என்னையும் உங்கள் மகளையும் பிரிக்க மனமில்லாதவர்கள் போலிருக்கிறது." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடிக்கலாம். ஓடிப்போய்த் தலைவரிடம், "ஐயா, இவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டார்கள், முதல் வட்டம் நான் சொல்லி நிரப்பியது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியும் பிரயோசனம் இல்லை. சீட்டில் இருப்பதுதான் வாக்கு. என் காலத்தில் நானும் அப்படித்தான் ஈவிரக்கமில்லாமல் பிரித்தேன்.

அப்படி ஓரத்துக்குப் போன இருபத்தாறு சீட்டுகளை எண்ணினேன். மாலை மூன்று மணிக்கு முடிவு சொன்னார்கள். என் மகளுக்குப் பத்தொன்பது வாக்குகள் குறைவு.

5

ஆரணி என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிடக் காரில் ஏற்றினாள். அழவில்லை. புறப்படும்போது வில்லெம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, அடுத்த தேர்தலுக்கு முன்னர் வெளிநாட்டு முதியவர்களுக்கு வாக்களிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாலைவகுப்பு வைக்கவேண்டும், நீ அதைப் பொறுப்பெடுப்பாயா என்று கேட்டார். அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

"எங்கட பக்கத்துச் சாவடி மேசையில அவ்வளவு செல்லாத வோட் எப்பிடி அப்பா வந்தது?" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை, தனக்குத்தானே சொன்னாள்.

நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வாசித்தாள். தமிழ் வாசித்து எத்தனையோ வருடங்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, வாய்விட்டு வாசித்தாள். "மு-த-லில் கட்-சிக்கு." ஒன்பதாம் வட்டம் வரை வந்து நிறுத்தினாள்.

"நான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"ஓம்."

"ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு போன்."

"ஓம் பிள்ளை."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். எப்பவும் உங்களுக்குத்தான் தெரியும்."

அந்த நேரம் என் தொலைபேசி அடித்தது. செல்வராணி அக்கா. எடுக்காமல் விடப் பார்த்தேன். ஆரணி கையை நீட்டி ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"தம்பி, பிள்ளை வெண்டிட்டாளோ? நீங்கள் சொன்ன மாதிரியே ரெண்டையும் வடிவாய் நிரப்பினனான். கை நடுங்கிச்சு, எண்டாலும் வெளியில போகேல்ல. நான் வாழ்க்கையில முதல் தரம் இந்த நாட்டில வோட் போட்டனான் தம்பி. இனி பஸ்ஸை நிப்பாட்டமாட்டினம் தானே?"

ஆரணிதான் பேசினாள்.

"அன்ரி, நான் ஆரணி. இந்த முறை சரிவரேல்ல."

"ஐயோ பிள்ளை! நாங்கள் எல்லாரும் போட்டனாங்களே! என்ர வோட் வந்து சேர்ந்ததோ?"

"ஓம் அன்ரி. உங்கட வோட் வந்தது. எல்லாற்றையும் வந்தது. பெரிய நன்றி."

"அப்ப எப்பிடித் தோத்தனீ?"

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் காருக்கு வெளியே பார்த்தேன்.

"மற்ற ஆக்கள் போடேல்ல அன்ரி" என்றாள்.

அவள் காரை ரயில் நிலையத்துக்கு ஓட்டினாள். இறங்கும்போது, "அடுத்த முறை ஒண்டும் எழுதாதேங்கோ அப்பா" என்றாள். கதவைச் சாத்த முன்னர் தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம் திருப்பித் தரவில்லை.

செல்வராணி அக்காவிடம் அவள் சொன்ன அந்த ஒரு வசனம் ரயிலைவிட வேகமாக எல்லையைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வர, கெல்சென்கிர்ச்சனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த எங்கள் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளை என்ன பாடுபட்டாளாம், வீடுவீடாய் ஏறி இறங்கினாளாம், எங்கள் சனம் ஒன்றுவிடாமல் போட்டதாம், வெள்ளைகள்தான் கை விட்டதாம். அவளிடம் முழங்கால் காட்ட வந்து, அந்த வாரம் மனமறிந்து அவளுக்குப் போட்டவர்களைத்தான் இப்படித் திட்டினார்கள். ஒருவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அண்ணை, எவ்வளவுதான் செய்தாலும் அவங்கள் எங்களை உள்ளுக்க விடமாட்டாங்கள் என்ன?"

மனைவி பக்கத்தில் நின்றாள். ஆரணி அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன்.